மறுப்புக் கடிதம் வந்தால்

தில்லி நகரின் மேற்குப் பக்கத்தில் விகாஸ்புரி என்ற பகுதி இருக்கிறது. அதைச் சுற்றி நெருக்கமான வீடுகள், குறுகிய சந்துகள். மியான்மர் நாட்டிலிருந்து வந்த சின் இன மக்கள் பலர் அங்கே வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். மியான்மருக்கு முன்பு பர்மா என்று பெயர்.

அப்படி ஓர் அறையில் வாழும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு குழந்தைகள். ஊரில் இராணுவத்தாருக்குப் பயந்து, காட்டு வழியாக மிசோரத்துக்கு வந்தார். அங்கிருந்து தில்லி வந்தார். அகதியாக ஏற்றுக்கொள்ளும்படி விண்ணப்பம் கொடுத்தார். பேட்டியும் நடந்தது. பல மாதங்கள் கழித்து, ஜூன் 4-ஆம் தேதி, ஒரு கடிதம் அவர் கைக்கு வந்தது.

"உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை" என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை மடித்துத் தகரப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரவில் தூக்கம் வரவில்லை.

பத்து நாள் போயிற்று. பக்கத்து அறைப் பெண் கொஞ்சம் படித்தவள். விஷயம் தெரிந்து ஓடி வந்தாள்.

"அக்கா, அந்தக் காகிதத்தை எடுங்கள். முழுதும் படித்தீர்களா?"

"படிக்க என்ன இருக்கிறது? இல்லை என்று சொல்லிவிட்டார்களே."

அந்தப் பெண் கடிதத்தை வாங்கினாள். வரி வரியாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்கே பாருங்கள். 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்று எழுதியிருக்கிறது. பத்து நாள் போய்விட்டது. இன்னும் இருபது நாள் இருக்கிறது."

மறுபரிசீலனை என்றால் மறுபடியும் ஆராய்ந்து பார்ப்பது. அதை எப்படிக் கேட்பது? அதற்கு முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வோம்.

அகதி என்பவர் யார்?

ஊரை விட்டு வரும் எல்லாரும் அகதி அல்ல. வேலை தேடி வருபவர் உண்டு. மழை பொய்த்ததால் வருபவர் உண்டு. அவர்களுக்கும் துன்பம் உண்டுதான். ஆனால் அகதி என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் இருக்கிறது.

1951-ஆம் ஆண்டு உலக நாடுகள் பல சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தன. அதில் ஐந்து காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. அவை இனம், மதம், எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பது, ஒரு சமூகப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது, அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றுக்காகத் தன்னைக் கொடுமைப்படுத்துவார்கள் என்ற பயம் இருக்க வேண்டும். அந்தப் பயத்துக்குத் தக்க ஆதாரம் இருக்க வேண்டும். சொந்த நாடு காப்பாற்றாது என்ற நிலையும் இருக்க வேண்டும். அப்படி நாட்டை விட்டு வெளியே வந்தவரே அகதி.

அகதியை அந்த ஆபத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது. இதுதான் அந்த ஒப்பந்தத்தின் உயிர்.

இந்தியாவில் முடிவு செய்வது யார்?

இந்தியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை. வெளிநாட்டார் எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். 1946-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2025-இல் புதிய சட்டம் வந்தது.

இலங்கையிலிருந்து வந்தவர்களையும் திபெத்திலிருந்து வந்தவர்களையும் அரசே நேரடியாகக் கவனிக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களின் பதிவு அரசிடம் நடந்தது. அது வேறு வழி.

மியான்மர், ஆப்கானிஸ்தான், சோமாலியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு தில்லியில் உள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகம் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு சான்று தருவார்கள். பிறகு பேட்டி நடக்கும். தெரிந்த மொழியில் பேசலாம். மொழிபெயர்ப்பவர் ஒருவர் உடன் இருப்பார். சொன்ன செய்தியைச் சொந்த நாட்டு அரசுக்குத் தெரிவிக்க மாட்டார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்டால் அட்டை தருவார்கள். ஏற்காவிட்டால் கடிதம் தருவார்கள்.

ஏன் மறுக்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும்.

ஒன்று, சொன்னதை நம்பவில்லை. முன்பு ஒரு தேதி, பின்பு ஒரு தேதி என்று மாறி வந்திருக்கும். முக்கியமான கேள்விக்குப் பதில் தெளிவாக இருந்திருக்காது.

இரண்டு, சொன்னதை நம்பினார்கள். ஆனால் அது அந்த ஐந்து காரணங்களில் அடங்கவில்லை. அல்லது, திரும்பிப் போனால் ஆபத்து இல்லை என்று நினைத்தார்கள்.

தேதி மாறினால் பொய் என்று ஆகிவிடுமா? ஆகாது. "தை மாதம் நடந்தது" என்று நம் ஊர்ப் பாட்டி சொல்வார். அது ஜனவரியா, பிப்ரவரியா? ஒருவர் ஜனவரி என்று எழுதுவார். இன்னொருவர் பிப்ரவரி என்று எழுதுவார். பாட்டி சொன்னது ஒன்றுதான். ஆப்கானிஸ்தான் மக்களுக்கும் தனி நாட்காட்டி உண்டு. அவர்களின் 1397-ஆம் ஆண்டு 2018 மார்ச்சில் தொடங்கியது. மாற்றி எழுதும்போது ஒரு வருடம் முன்பின் ஆகிவிடலாம். மொழிபெயர்ப்பிலும் தவறு வரலாம்.

தவறு எங்கே என்று சொன்னால்தான் அதைத் திருத்த முடியும். அதற்குத்தான் மறுபரிசீலனை.

மனுவில் என்ன எழுதுவது?

"எனக்கு யாரும் இல்லை, இரக்கம் காட்டுங்கள்" என்று மட்டும் பலர் எழுதுகிறார்கள். அது போதாது. மறுப்புக் கடிதத்தில் காரணம் சொல்லியிருப்பார்கள். அந்தக் காரணத்துக்கு மனு பதில் சொல்ல வேண்டும். காரணம் புரியாவிட்டால் அலுவலகத்தில் கேட்கலாம். இலவசச் சட்ட உதவி செய்யும் தொண்டு நிறுவனத்தாரிடமும் கேட்கலாம்.

நாம் பார்த்த பெண்ணின் கடிதத்தில் இரண்டு காரணங்கள் இருந்தன. இராணுவத்தார் வீட்டுக்கு வந்த நாளை அவர் மாற்றிச் சொன்னாராம். அவரைத் தேடி ஏன் வந்தார்கள் என்பதையும் சொல்லவில்லையாம்.

பக்கத்து அறைப் பெண் கேட்டாள்:

"அக்கா, ஏன் சொல்லவில்லை?"

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"இரண்டு தடவை வந்தார்கள். முதல் தடவை வீட்டுக்காரரைப் பிடித்துப் போனார்கள். இரண்டாம் தடவை நான் தனியாக இருந்தேன். அன்று நடந்ததை எப்படிச் சொல்வேன்? மொழிபெயர்த்தவர் ஆண். நம் ஊர்ப் பக்கத்து ஆள். ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்தேன்."

இப்படிப் பல பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லாத செய்தியை அதிகாரியால் அறிய முடியாது. பெண் அதிகாரி வேண்டும், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதை மனுவிலேயே எழுதலாம். மொழிபெயர்ப்பவரும் செய்தியை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி.

புதிய செய்தி சொன்னால், முன்பு ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். நடக்காததைச் சேர்க்கக் கூடாது. மற்றவர் கதையைத் தன் கதையாக எழுதக் கூடாது. ஒரு பொய் கலந்தால், மற்ற உண்மைகளையும் நம்ப மாட்டார்கள். நினைவில்லாத தேதிக்கு "நினைவில்லை" என்று எழுதுவதே நல்லது.

இதற்கென்று உள்ள படிவத்தில் எழுதலாம். தனித் தாளையும் இணைக்கலாம். அந்தப் பெண்ணின் மனு இப்படி இருந்தது:

"ஐயா / அம்மா,

என் கோப்பு எண்: ..........

ஜூன் 4-ஆம் தேதி உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது. என் விண்ணப்பத்தை மறுபடியும் ஆராயும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இராணுவத்தார் வந்த நாளை மாற்றிச் சொன்னேன் என்று எழுதியுள்ளீர்கள். அவர்கள் இரண்டு முறை வந்தார்கள். நான் சொன்னவை இரண்டு வேறு நாட்கள். அது ஒரே நாளாகப் பதிவாகியுள்ளது.

இரண்டாம் முறை எனக்கு நேர்ந்ததைப் பேட்டியில் சொல்லவில்லை. மொழிபெயர்த்தவர் ஆண் என்பதால் வெட்கமும் பயமும் இருந்தன. பெண் அதிகாரியிடம், பெண் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்ல விரும்புகிறேன்.

திரும்பிப் போனால் என் உயிருக்கு ஆபத்து. எனக்குப் பேட்டி தருமாறு வேண்டுகிறேன்.

கையெழுத்து, தேதி."

இந்த மனுவில் பெரிய வார்த்தை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் இருக்கிறது.

மனு கொடுக்கும்போது

30 நாள் என்பது முக்கியம். ஜூன் 4-இல் கடிதம் வந்தால் ஜூலை 4-க்குள் மனு போய்ச் சேர வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது. உடல்நலம் கெட்டு நாள் தவறினால், மருத்துவச் சீட்டுடன் காரணத்தை எழுதலாம். தக்க காரணம் இருந்தால் ஏற்கக் கூடும். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

மனுவை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டு வாங்க வேண்டும். வீடு மாறினாலும் போன் நம்பர் மாறினாலும் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

இதற்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. "பணம் கொடு, அட்டை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் நம்பக் கூடாது. அட்டை விற்பனைக்கு உள்ள பொருள் அல்ல.

முதலில் முடிவு செய்த அதிகாரி இந்த மனுவைப் பார்க்க மாட்டார். வேறொருவர் பார்ப்பார். மறுபடி பேட்டிக்கு அழைக்கலாம். அழைக்காமல் காகிதங்களை வைத்தும் முடிவு செய்யலாம். மனு நிலுவையில் இருக்கும்வரை, முதல் மறுப்பு இறுதி முடிவு ஆகாது.

கோப்பு மூடிய பிறகு

மறுபடியும் இல்லை என்று வந்தால், அது இறுதி முடிவு. கோப்பை மூடிவிடுவார்கள்.

மூடிய கோப்பைத் திறக்கவும் ஒரு வழி உண்டு. அது மேல்முறையீடு போல எல்லாருக்கும் உள்ள உரிமை அல்ல. தக்க காரணம் காட்ட வேண்டும். முன்பு கிடைக்காத நம்பத்தகுந்த ஆதாரம் இப்போது கிடைத்திருக்கலாம். முன்பு சரியாக ஆராயவில்லை என்பதற்கு வலுவான காரணம் இருக்கலாம். அல்லது சொந்த நாட்டு நிலைமையே மாறியிருக்கலாம்.

ஆப்கானிஸ்தானில் அப்படித்தான் ஆயிற்று. 2021 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தாலிபான் படை காபூல் நகரைப் பிடித்தது. அதற்கு முன் ஆபத்து இல்லாத பலருக்கு ஒரே நாளில் ஆபத்து வந்தது. அந்த மாதம் தில்லி வசந்த் விஹாரில் ஐ.நா. அலுவலகத்தின் முன்னால் ஆப்கானியர் பலர் கூடிப் போராடினார்கள். மூடிய கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

மியான்மரிலும் 2021 பிப்ரவரி 1-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு அக்டோபரில், சின் மாநிலத்தில் தாண்ட்லாங் என்ற ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்து சாம்பலாயின. முன்பு "ஊருக்குத் திரும்பலாம்" என்று ஒருவருக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது திரும்ப ஊர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கோப்பைத் திறக்கக் கேட்பவர் பழைய கதையையே மறுபடி எழுதினால் பயன் இல்லை. என்ன மாறியது என்று எழுத வேண்டும். அந்த மாற்றம் தன்னை எப்படித் தொடுகிறது என்றும் எழுத வேண்டும்.

அட்டை எதற்கு?

அகதி அட்டை குடியுரிமை ஆகாது. விசாவும் ஆகாது. அட்டை இருந்தும் சிக்கல் வருவதுண்டு. ஆனாலும் இவர் ஏன் இங்கே வந்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி.

1996-இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. குடிமகன் ஆனாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மனிதரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்றது. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் உரியது.

விகாஸ்புரிப் பெண் ஜூன் 27-ஆம் தேதி மனுவைக் கொடுத்தார். முடிவு வரப் பல மாதங்கள் ஆகலாம். ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால் முதல் முறை சொல்ல முடியாததை இப்போது சொல்ல வழி கேட்டிருக்கிறார். மனுவின் நகலையும் அத்தாட்சியையும் பெட்டிக்கு அடியில் வைக்கவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறார்.

பேசிப் பார்ப்போம்

1. மறுப்புக் கடிதத்தில் முதலில் எதைத் தேடிப் படிக்க வேண்டும்?

2. அந்தப் பெண் முதல் பேட்டியில் ஏன் உண்மை முழுவதையும் சொல்லவில்லை? உங்கள் ஊரில் பெண்கள் அலுவலகங்களில் சொல்லத் தயங்கும் செய்திகள் எவை?

3. உங்கள் வீட்டில் ஓய்வூதியத்துக்கோ ரேஷன் கார்டுக்கோ மறுப்பு வந்தது உண்டா? அந்தக் காகிதத்தில் காரணமும் கடைசித் தேதியும் எழுதியிருந்தனவா? எடுத்துப் படித்துப் பாருங்கள்.