புணையும் அணையும்: கப்பல் மெத்தை உயிர்காப்புக் கருவியானதன் அறிவியலும் அதன் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

மாலுமி உறங்கும் மெத்தையே கப்பல் மூழ்கும்போது அவரை நீரில் தாங்கும் மிதவையாகவும் பயன்படவேண்டும் என்பது கடற்பயண வரலாற்றில் நெடுங்காலம் நிலவிய கருத்தாகும். சுருட்டிக் கட்டிய தொங்குபடுக்கை, இலவம்பஞ்சு மெத்தை ஆகிய இரண்டின்வழி இக்கருத்து நடைமுறைக்கு வந்த முறையினை இக்கட்டுரை விளக்குகிறது. மிதப்பின் இயற்பியலை எளிய கணக்கீட்டால் ஆராய்ந்து, இக்கருவி வழக்கொழிந்தமைக்குப் பொருளின் குறைபாட்டைவிட அது வைக்கப்பட்ட இடத்தின் மாற்றமே முதன்மைக் காரணம் என்பதை நிறுவ முயல்கிறது. இக்கருவிக்கு உரிய தமிழ்க் கலைச்சொல் ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: புணை, அணை, இலவம்பஞ்சு, மிதப்பு விசை, தொங்குபடுக்கை, உயிர்காப்பு மேலங்கி.

1. முன்னுரை

உயிர்காப்புக் கருவிகள் பொதுவாக இருவகைப்படும். இடர் நேரும்வரை பயன்பாடின்றிக் காத்திருப்பவை ஒருவகை. அன்றாடப் பயன்பாட்டில் இருந்துகொண்டே இடர்ப்பொழுதில் வேறொரு பணியை ஏற்பவை மற்றொரு வகை. இடப் பற்றாக்குறை மிகுந்த கப்பலில் இரண்டாம் வகைக்குத் தனி மதிப்பு உண்டு. ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு படுக்கை கட்டாயம் இருக்கும் என்பதால், அப்படுக்கை மிதக்குமாயின் ஆளுக்கொரு மிதவை தானே அமைந்துவிடும். மிதக்கும் மெத்தை என்னும் கருத்தின் கவர்ச்சி இந்த எளிய கணக்கிலேயே அடங்கியுள்ளது. எனினும், உறங்குவதற்கு ஏற்ற பொருளும் மிதப்பதற்கு ஏற்ற பொருளும் ஒன்றாக இருக்க இயலுமா என்னும் வினாவை இக்கருத்து எழுப்புகிறது. இக்கட்டுரை அவ்வினாவினையே மையமாகக் கொள்கிறது.

2. தொங்குபடுக்கை: பொருளினும் நடைமுறையே முதன்மை

கரீபியத் தீவுகளின் தொல்குடியினர் பயன்படுத்திய ‘ஹமாக்கா’ என்னும் தொங்குபடுக்கையை ஐரோப்பியர் கொலம்பசின் பயணத்தின்போது (1492) அறிந்தனர். பின்னர் அது பாய்க்கப்பல்களின் பொதுப் படுக்கையாயிற்று. பிரித்தானியக் கடற்படையில் ஒரு மாலுமிக்குத் தொங்குபடுக்கை கட்ட ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலமே. இந்நெருக்கடியான தளத்தில் பகற்பொழுதில் பணிகள் நடைபெறவேண்டும். ஆகவே, நாள்தோறும் காலையில் மாலுமிகள் தத்தம் படுக்கையை மெத்தையுடன் சுருட்டி, கயிற்றால் ஏழு சுற்றுகள் இறுகக் கட்டி, மேல்தளத்திற்குக் கொண்டுவந்து, கப்பலின் பக்கச்சுவர்களின்மேல் அமைந்த வலைத் தொட்டிகளில் அடுக்கிவைத்தனர்.

இவ்வடுக்கு மூன்று பயன்களைத் தந்தது. கீழ்த்தளம் காற்றோட்டமும் இடமும் பெற்றது. போரின்போது துப்பாக்கிக் குண்டுகளையும் மரச்சிதறல்களையும் தடுக்கும் அரணாக அடுக்கு விளங்கியது. கப்பல் மூழ்க நேர்ந்தாலோ ஒருவர் கடலில் விழுந்தாலோ கைக்கெட்டும் மிதவையாகவும் பயன்பட்டது. இறுகக் கட்டிய கித்தான் துணியின் உள்ளே அடைபட்ட காற்று, நீர் உட்புகும்வரை ஒருவரைத் தாங்கவல்லது.

இங்கு ஒரு கூறு சிறப்பாக நோக்கத்தக்கது. இம்மிதவையின் ஆற்றல் அதன் பொருளில் மட்டும் அடங்கியதன்று. தளர்வாகக் கட்டிய படுக்கையில் நீர் விரைந்து புகும். கீழ்த்தளத்திலேயே கிடக்கும் படுக்கையோ மேல்தளத்தில் நிற்பவருக்குப் பயன்படாது. இறுகக் கட்டுதல், மேலே கொணர்தல் என்னும் அன்றாட ஒழுங்கே படுக்கையை மிதவையாக்கியது.

இவ்வொழுங்கின் எல்லையும் இதனால் விளங்கும். இரவில் படுக்கைகள் வலைத் தொட்டிகளில் இரா. 1870 செப்டம்பர் 7 அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், ஸ்பெயினின் ஃபினிஸ்டெரே முனைக்கு அப்பால், பிரித்தானியப் போர்க்கப்பல் ‘கேப்டன்’ கவிழ்ந்தபோது ஏறத்தாழ 480 பேர் மாண்டனர். பணி முறையில் இல்லாதோர் கீழே உறங்கும் நேரம் அது. அந்நேரத்தில் ஏற்படும் திடீர்க் கவிழ்வில் படுக்கை எத்துணை நன்றாக மிதப்பினும் பயனில்லை.

3. இலவம்பஞ்சின் மிதப்பு

3.1 இழையின் அமைப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தக்கையே உயிர்காப்புப் பொருள்களில் முதன்மை பெற்றிருந்தது. தக்கை நன்கு மிதக்கும். ஆயின் படுப்பதற்குக் கடினமானது. மென்மையும் மிதப்பும் ஒருங்கே அமைந்த பொருளாக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது ‘கபோக்’ எனப்படும் இலவம்பஞ்சு. கப்பல் மெத்தைகள், படகுத் திண்டுகள், உயிர்காப்பு மேலங்கிகள் ஆகியவற்றில் அது நிரப்பப்பட்டது. உலகச் சந்தைக்குரிய பஞ்சின் பெரும்பகுதி அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து, குறிப்பாகச் சாவகத்திலிருந்து வந்தது.

தமிழில் ‘இலவு’ என்னும் சொல் இருவேறு மரங்களைக் குறிக்கிறது. செந்நிறப் பூக்களையுடைய உள்நாட்டு இலவு பாம்பாக்ஸ் சீபா என்பதாகும். வணிகக் கபோக்கைத் தருவது சீபா பென்டான்ட்ரா என்னும் வேறொரு மரம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நடைபெறும் இலவம்பஞ்சுத் தொழிலால் இரண்டாவது மரத்தின் பஞ்சு தமிழகத்தில் நன்கு அறியப்பட்டது. இது நூற்பதற்கு எளிதில் இணங்காது. இழை குட்டையானது, வழவழப்பானது, எளிதில் முறிவது. நூற்பாலைக்கு உதவாத இப்பண்புகளுக்குக் காரணமான அமைப்பே மிதப்பிற்கும் காரணமாகிறது. ஒவ்வோர் இழையும் மெல்லிய சுவருடைய, உள்ளே காற்று நிரம்பிய குழல். அதன் புறப்பரப்பில் மெழுகுப்பூச்சு உண்டு.

3.2 ஓர் எளிய கணக்கீடு

இலவம்பஞ்சு தன் எடையைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு எடையை நீரில் தாங்கும் என்பது நூல்களில் பரவலாகக் காணப்படும் கூற்று. இதன் பொருளைத் தெளிவுபடுத்த, மேலுறையின் எடையை விடுத்து, 1 கிலோகிராம் பஞ்சினை மூன்று நிலைகளில் கருதலாம்.

முதல் நிலை: பஞ்சு தளர்வாக நிரப்பப்பட்டு 25 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அது முழுதும் அமிழும்போது 25 கிலோகிராம் நீரை வெளியேற்றும். தன் எடை போக 24 கிலோகிராம் தாங்கும்.

இரண்டாம் நிலை: உடல் எடையால் நசுங்கிக் கனஅளவு பாதியாகிறது. தாங்கும் அளவு 11.5 கிலோகிராமாகக் குறையும்.

மூன்றாம் நிலை: இழைகளுக்கு இடையே நீர் புகுந்துவிடுகிறது, குழல்களின் உள்ளிருக்கும் காற்று மட்டும் எஞ்சுகிறது. குழல்களோடு சேர்ந்த இழைகளின் கனஅளவு ஏறத்தாழ 3 லிட்டர் எனக் கொண்டால், தாங்கும் அளவு 2 கிலோகிராம் மட்டுமே.

நீரில் உள்ள ஒருவரின் தலையை மேலே நிறுத்தக் கூடுதலாகத் தேவைப்படும் விசை பெரும்பாலோர்க்கு 3 முதல் 5.5 கிலோகிராம் எடைக்கு நிகரானது. எனவே 3 கிலோகிராம் பஞ்சுள்ள ஒரு மெத்தை நசுங்கிய நிலையிலும் 34.5 கிலோகிராம் தாங்கும்; கணக்களவில் ஆறு பேர் பற்றிக்கொள்ளலாம். அதே மெத்தையின் இழையிடைவெளிகளில் நீர் புகுந்துவிட்டால் 6 கிலோகிராம் மட்டுமே எஞ்சும். அது ஒருவருக்கே போதும்.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, புகழ்பெற்ற ‘30 மடங்கு’ மிதப்பின் பெரும்பகுதியைத் தருவது குழலுக்குள் இருக்கும் காற்றன்று. இழைகளுக்கு இடையே உள்ள காற்றே. இரண்டாவது, மெத்தை நசுங்குவதைவிட அதன் மெழுகுப்பூச்சு நீரை விலக்கும் தன்மையை இழப்பதே பேரிழப்பு. ஏனெனில் இழையிடைவெளிகளில் நீர் புகாமல் தடுப்பது அப்பூச்சும் நீரின் பரப்பு இழுவிசையும் இணைந்து செய்யும் பணியாகும்.

4. மெத்தைக்கும் மிதவைக்கும் இடையிலான முரண்

மேற்கண்ட முடிவுகளைக் கொண்டு நோக்கினால், மெத்தையின் அன்றாட வாழ்வு முழுவதுமே மிதவைக்கு எதிரானது என்பது புலப்படும். நாள்தோறும் படும் உடல் எடை இழைகளை முறிக்கிறது. முறிந்த இழையின் குழல் திறந்து நீருக்கு வழிவிடுகிறது. இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் உலர்த்தித் தட்டி உப்பச்செய்யும் நம் வீட்டு வழக்கம் இழந்த கனஅளவை ஓரளவு மீட்குமே தவிர, முறிந்த இழையை ஒட்டவைக்காது. வியர்வையும் உடலின் எண்ணெய்ப்பசையும் உறையைக் கடந்து பஞ்சினை அடைகின்றன. துவைக்கும்போது எஞ்சும் சவர்க்காரம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, நீர் உட்புகுவதை எளிதாக்குகிறது.

எண்ணெயின் விளைவு இவற்றினும் கொடியது. நீரை விலக்கும் மெழுகுப்பரப்பு எண்ணெயை ஈர்க்கும். எரியெண்ணெயால் இயங்கும் கப்பல் தாக்குண்டு மூழ்கும்போது கடற்பரப்பில் எண்ணெய் படர்வது இயல்பு. ஆகவே, எந்தச் சூழலுக்காகப் பஞ்சு தேர்ந்தெடுக்கப்பட்டதோ அச்சூழலே அதன் ஆற்றலைக் குலைக்கிறது. பஞ்சு எளிதில் தீப்பற்றுவது என்பதும் உடன் கருதத்தக்கது.

5. காலத்தின் சோதனை: 1942 – 1945

1942 மார்ச்சில் சாவகம் ஜப்பானியர் வசமானதும் நேச நாடுகளுக்கான பஞ்சு வரத்து தடைப்பட்டது. அமெரிக்கா மாற்றுப்பொருளாக, நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் விதைப்பஞ்சினைத் தேர்ந்தது. பள்ளிச் சிறுவர்கள் சாக்குகளில் காய்களைத் திரட்டினர். மிச்சிகன் மாநிலத்தின் பெட்டோஸ்கியில் அமைந்த ஆலையில் அவை பதப்படுத்தப்பட்டன. இரண்டு சாக்குக் காய்கள் ஓர் உயிர்காப்பு மேலங்கிக்குப் போதும் என்பது அன்றைய பரப்புரை. எருக்கம்பஞ்சும் குழலமைப்பும் மெழுகுப்பூச்சும் உடையது என்பது இத்தேர்வின் அறிவியல் அடிப்படை.

கபோக்கின் கடுமையான சோதனை ‘இண்டியானாபொலிஸ்’ என்னும் அமெரிக்கக் கப்பலுக்கு நேர்ந்த பேரிடராகும். 1945 ஜூலை 30 அன்று நள்ளிரவுக்குப் பின் நீர்மூழ்கிக் குண்டால் தாக்கப்பட்டு, அக்கப்பல் 12 நிமிடங்களில் மூழ்கியது. அதிலிருந்த 1,195 பேரில் ஏறத்தாழ 890 பேர் கடலில் இறங்கினர். நான்காம் நாளே அவர்கள் கண்டறியப்பட்டனர். உயிர் பிழைத்தோர் 316 பேர். பலர் அணிந்திருந்த கபோக் மேலங்கிகள் நாள்கள் செல்லச்செல்ல நீரை ஈர்த்துக் கனத்தன. உறங்கப் பயன்படாது, மிதப்பதற்கென்றே தைத்து வைக்கப்பட்ட பஞ்சின் நிலையே இதுவாயின், ஆண்டுக்கணக்கில் படுத்துப் பழகிய மெத்தையின் நிலையை ஊகிக்கலாம்.

பன்னிரண்டு நிமிடங்கள் என்னும் கால அளவும் பொருள் பொதிந்தது. தொங்குபடுக்கையின் இடத்தை நிலையான அடுக்குக் கட்டில்கள் இருபதாம் நூற்றாண்டில் படிப்படியாகக் கைப்பற்றின. காலையில் படுக்கையைச் சுருட்டி மேலே கொணரும் ஒழுங்கும் அதனுடன் மறைந்தது. மெத்தையின் பொருள் மேம்பட்ட அதே காலத்தில் அது கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டது. பழைய படுக்கையைவிடச் சிறப்பாக மிதக்கவல்ல மெத்தை, அதனினும் எட்டாத இடத்தில் கிடந்தது.

6. இரு கருவிகளின் பிரிவு

டைட்டானிக் பேரிடரை (1912) அடுத்து 1914இல் தோன்றிய ‘சோலாஸ்’ எனப்படும் கடல்சார் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, உயிர்காப்புக் கருவிகளுக்குரிய பன்னாட்டு நெறிகளுக்கு வித்திட்டது. இன்றைய விதிகளின்படி, உயிர்காப்பு மேலங்கி நன்னீரில் 24 மணிநேரம் அமிழ்ந்திருந்த பின்னும் தன் மிதப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் இழத்தல் கூடாது. நினைவிழந்தவரை முகம் மேல்நோக்கத் திருப்பவும் வேண்டும். உயிர்காப்பு வளையம் 14.5 கிலோகிராம் இரும்பை நன்னீரில் 24 மணிநேரம் தாங்கவேண்டும். அதன் மிதப்பு கோரையையோ தக்கைத் துருவலையோ தளர்வான துகள்களையோ சார்ந்திருத்தல் கூடாது. பற்றிக்கொள்ளும் வலிமை உள்ளவருக்கு மட்டுமே உதவும் மெத்தை, மேலங்கிக்குரிய இந்நெறியை நிறைவுசெய்ய இயலாது. கப்பல் மெத்தையோ இன்று தீப்பற்றும் தன்மைக்காகச் சோதிக்கப்படுகிறது.

செயற்கை நுரைகளின் வருகையும் இப்பிரிவை உறுதிசெய்தது. மூடிய அறைகளையுடைய நுரை நீரை ஏற்காது. ஆகவே மேலங்கிக்கு ஏற்றது. ஆயின் அதனூடே காற்றும் வியர்வை ஆவியும் செல்லா. மெத்தைக்குரிய நுரை திறந்த அறைகளைக் கொண்டது, உறக்கத்திற்கு இதமானது, நீரிலோ பஞ்சுறிஞ்சிபோல் நனையும். இலவம்பஞ்சில் தற்காலிகமாக இணைந்திருந்த இரு பண்புகள் இவ்வாறு இருவேறு பொருள்களுக்கு உரியவாயின.

7. கலைச்சொல் குறித்து

‘மிதக்கும் மெத்தை’ என்பது இக்கருவியின் பண்பைக் கூறுகிறதே அன்றிப் பயனைக் கூறவில்லை. நீரில் பற்றிக்கொள்ளும் மிதவைக்குச் சங்க இலக்கியம் ‘புணை’ என்னும் சொல்லை ஆள்கிறது. வேழக்கோலால் ஆன புணையை அகநானூற்றின் 6ஆம் பாடல் குறிப்பிடுகிறது. வேழமும் உட்குழலுடையது என்பதால், இலவம்பஞ்சின் மிதப்பிற்கும் அதன் மிதப்பிற்கும் அடிப்படை ஒன்றே. ‘புணை’ என்பதற்குத் துணை, பிணை என்னும் பொருள்களும் உண்டு. படுக்கையைக் குறிக்கும் ‘அணை’யும் இப்‘புணை’யும் பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதியில் (பாடல் 53) ஒருங்கே வருகின்றன, திருமாலுக்கு ஆதிசேடன் கடலில் புணையாகவும் தழுவும் அணையாகவும் ஆவதை அப்பாடல் கூறுகிறது. பள்ளிகொள்ளும் இடமே கடலில் தாங்கும் துணையும் ஆகும் கருத்து தமிழுக்குப் புதிதன்று. எனவே இக்கருவியைப் ‘புணையணை’ என வழங்கலாம்.

8. முடிவுரை

புணையணையின் வரலாறு மூன்று தேவைகளை உணர்த்துகிறது. காற்றை அடக்கும் கனஅளவு, நீரை விலக்கும் பரப்பு, இடர்ப்பொழுதில் கைக்கெட்டும் இடம் என்பன அவை. தொங்குபடுக்கை முதலிரண்டிலும் குறைபாடுடையது. எனினும் பகற்பொழுதில் மூன்றாவதைப் பெற்றிருந்தது. இலவம்பஞ்சு மெத்தை முதலிரண்டையும் புதிதாய் இருக்கையில் பெற்று, பயன்பாட்டால் சிறிது சிறிதாக இழந்தது. மூன்றாவதைக் கட்டில்களின் வருகையால் அறவே இழந்தது. ஒரு பொருளுக்கு இரு பணிகளை அளிக்கும்போது, அன்றாடப் பணி அவசரப் பணிக்குரிய ஆற்றலைத் தேய்க்கிறதா என்பதையும், அவசரம் நேரும் கணத்தில் அப்பொருள் எங்கே இருக்கும் என்பதையும் முதலில் வினவவேண்டும். உயிர்காப்புக் கருவியின் மதிப்பை ஆய்வுக்கூடத் தொட்டியில் அது தாங்கும் எடையால் மட்டும் அளத்தல் போதாது. அதற்கும் அதை வேண்டுவோர் கைக்கும் இடையே உள்ள தொலைவையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.