பனியன் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் லினக்ஸ்

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுகள் பலவற்றில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருக்கும். டெலிவரி சலான், பில், சனிக்கிழமை சம்பளக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அதில்தான். அது விண்டோஸ் 10-ல் ஓடினால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய மெஷின் அநேகமாகத் தேறாது. நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

லினக்ஸுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், பக்கத்துக் கம்பெனிக்கும் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிதும் அல்ல. உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பில், மத்திய அரசின் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. அந்த லேப்டாப் வந்த வீடுகள் திருப்பூரில் தெருவுக்குத் தெரு உண்டு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால்தான் அதிலிருந்த லினக்ஸ் பழக்கத்துக்கு வரவில்லை என்பது என் கருத்து.

லினக்ஸில் பல வகைகள் உண்டு; புதிதாக வருபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்லது. ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் போலவே இருக்கும். 4 ஜிபி ராம் இருந்தால் போதும். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பில் பிரின்ட் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். ஆபீஸ் பிரின்டரைக் கட்டாயம் சோதியுங்கள். கேனன் எல்பிபி 2900 போன்ற சில பழைய லேசர் பிரின்டர்களுக்கு டிரைவர் சேர்ப்பது மெனக்கெடுகிற வேலை.

எக்செல் கணக்குகள் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கும்; மேக்ரோ போட்டிருந்தால் மட்டும் சரிபார்க்க வேண்டும். ஜிஎஸ்டி தளமும் மெயிலும் பிரவுசரில் நடப்பவை. தனிநபர் தொழில் என்றால் ஓடிபி மூலமே ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடலாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்காக டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால், அது லினக்ஸில் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ் தட்டச்சுக்குத் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை இரண்டுமே கிடைக்கும்.

டாலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. ஆடிட்டர் கேட்பதும் டாலி டேட்டாதான். பிரின்டிங் யூனிட்டில் டிசைன் போடும் கோரல்டிராவும் லினக்ஸுக்கு வருவதில்லை. இவற்றை நம்பியிருப்பவர்கள் முழுதாக மாற வேண்டாம். ஒரே மெஷினில் இரண்டையும் வைத்துக்கொண்டு விண்டோஸை டாலிக்கு மட்டும் திறக்கலாம். இன்டர்நெட் வேலை எல்லாம் லினக்ஸில் நடக்கட்டும்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது பார்வை பற்றியது. நாற்பது தாண்டிய கணக்கருக்குத் திரையின் பொடி எழுத்து கஷ்டம். எழுத்தைப் பெரிதாக்குவது, கறுப்புப் பின்னணிக்கு மாற்றுவது, திரையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பது எல்லாம் லினக்ஸில் கூடவே வருகின்றன. அறவே பார்வை இல்லாதவருக்கு ஓர்கா என்னும் திரை வாசிப்பான் இருக்கிறது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் விண்டோஸ் கீ, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். சம்பள ஷீட்டைத் திறந்து கீழ்நோக்கும் அம்புக் கீயை அழுத்துங்கள்: ஒவ்வொரு டெய்லருக்கும் எத்தனை பீஸ் என்பதையும், அது எந்தச் செல் என்பதையும் படித்துச் சொல்லும். தமிழ் எழுத்துகளை இஸ்பீக் என்ற இலவசக் குரல் படிக்கும். அது இயந்திரக் குரல்தான். காது பழகச் சில நாள் ஆகும். பழகிவிட்டால் வேகத்தைக் கூட்டிக்கூடக் கேட்கலாம்.

கேரளத்தில் பார்வையற்றோருக்கென்றே உபுண்டு மேட்டே அடிப்படையில் 'அக்சசிபிள் கோகோனட்' என்ற இயங்குதளத்தை உருவாக்கியிருக்கிறார்கள். பார்வையற்றவர் பிறர் துணையின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். விண்டோஸில் என்விடிஏ என்ற திரை வாசிப்பானைப் பழகியவர் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை. அதுவும் இலவசம், திறந்த மூலமே. புதிதாகக் கற்பவர் பழைய மெஷினிலேயே செலவில்லாமல் தொடங்கலாம். பில்லிங்கும் மெயிலும் பார்க்க ஆள் தேடும் முதலாளிகள், பார்வைக் குறைபாடு உள்ள பட்டதாரிகளையும் கூப்பிட்டு வேலை கொடுத்துப் பாருங்கள். சாஃப்ட்வேர் செலவு என்று ஒரு ரூபாய் கிடையாது.

தமிழிலேயே கற்க, 2012 முதல் வரும் கணியம் இதழில் லினக்ஸ் பாடங்கள் இருக்கின்றன.

இன்ஸ்டால் செய்ய முடிவெடுத்தால், ஆர்டர் நெருக்கடி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிக்கும் தேர்வைத் தவறிக் கொடுத்தால் டாலி டேட்டா உட்பட எல்லாம் போய்விடும். எனவே அதற்கு முன் தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்துவிடுங்கள்.