பழவேற்காட்டு இறாலும் 'பாடு' முறையும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

சித்திரை பிறக்கும் நேரத்தில் மீன் மார்க்கெட்டில் விலை ஏறுவது நம் வணிகர்கள் அனைவரும் அறிந்ததே. "பழவேற்காட்டு இறால் ஏன் வரவில்லை? வந்தாலும் ஏன் இந்த விலை?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கை காட்டுகிறார். மொத்த வியாபாரி மீனவரைக் கை காட்டுகிறார். ஆனால் அந்த ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்குப் பரம்பரையாக ஒரு கணக்கு இருக்கிறது. கருவாடும் இறாலும் விற்கும் நம்மவர்கள் அதைத் தெரிந்துகொள்வது தொழிலுக்கு நல்லது.

ஏரியின் அமைப்பு

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் உள்ளது. தென்பகுதி மட்டும் நமது திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நிற்கிறது. ஏரியின் உயிர்நாடி, பழவேற்காடு ஊருக்கு அருகில் கடலோடு சேரும் முகத்துவாரம்தான்.

இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சில மாதங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது. அந்த நஷ்டம் அன்றே தெரியாது. சில மாதம் கழித்து நம் கடையில்தான் தெரியும்.

பாடு என்பது என்ன?

திரும்பிச் செல்லும் இறாலைப் பிடிக்க, நீரோட்டம் உள்ள இடத்தில் குச்சிகளை ஊன்றி வலை கட்டுகிறார்கள். இதற்குச் சுத்து வலை என்று பெயர். நல்ல ஓட்டமுள்ள இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே உள்ளன. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் ஒருவருக்கும் உருப்படியாகக் கிடைக்காது. ஆகவே கோட்டைக்குப்பம் முதலிய பட்டினவர் குப்பங்களில், உரிமையுள்ள குடும்பங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் என்று முறை வைத்தார்கள். இதுவே 'பாடு' முறை.

நம்முடைய குலுக்கல் சீட்டை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். இன்று ஒருவருக்கு விழுந்தால் நாளை இன்னொருவருக்கு. யாருக்கும் எல்லா நாளும் இல்லை. சீட்டில் சேர்ந்த யாரும் வெறுங்கையோடு போவதும் இல்லை. வலைகளின் எண்ணிக்கையும் இதனால் கட்டுக்குள் இருக்கிறது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதுபோலவே இறால் வலைக்குச் சீட்டுப் போட்டு முறை வைக்கும் வழக்கம் உண்டு.

குறை எங்கே?

சீட்டில் பெயர் இல்லாதவர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. பாடு உரிமை பிறப்பால் வருவது. ஏரியைச் சுற்றித் தாழ்த்தப்பட்ட மக்களும், தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர்களும் வாழ்கிறார்கள். ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பிறகு, "எங்களுக்கும் இடம் வேண்டும்" என்ற கோரிக்கை வலுத்தது. ஆந்திர மீனவர்களுக்கும் தமிழக மீனவர்களுக்கும் எல்லைத் தகராறு பலமுறை மூண்டதும் உண்டு.

இதற்கிடையே 1990-களில் இறால் பண்ணைகள் பெருகின. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பண்ணைக்கு வரம்பு வந்தது. ஏரிக்குள் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

வெளிநாட்டில் நடந்தது

இதே கேள்வி அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வேறு விதமாக எழுந்தது. அங்கே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் ஏராளம். வலைக்காரர்கள் மீனை வாரிக்கொண்டு போகிறார்கள் என்பது அவர்கள் புகார். 1994 நவம்பரில் பொதுமக்களின் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 72 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவளித்தனர். 1995 ஜூலை 1 முதல் மாநிலக் கடற்பகுதியில் செவுள் வலைகள் தடை செய்யப்பட்டன. மடவை மீனை நம்பியிருந்த வலைக்காரர்கள் பிழைப்பு இழந்தனர். அவர்களின் வலைகளை அரசே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டது.

அங்கே எண்ணிக்கையில் மிகுந்தவர் வென்றார், சிறுபான்மையினர் வெளியேறினர். பழவேற்காட்டில் முறை வைத்துப் பகிர்ந்தார்கள். ஆனால் முறைக்கு வெளியே சிலரை நிறுத்தினார்கள். இரண்டிலும் குறை உண்டு. ஆயினும் முறையை விரிவாக்கலாம். வெளியேற்றியவரைத் திரும்ப அழைப்பது கடினம்.

நம் பங்கு என்ன?

இதில் வணிகருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

முதலாவது, பருவம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது மார்க்கெட் முழுவதும் நாட்டுப் படகுகளையும் ஏரியையும் பார்க்கிறது. அதே கோடையில்தான் ஏரியில் தண்ணீர் வற்றுகிறது, முகத்துவாரமும் அடைபடுகிறது. தேவை உச்சத்தில் இருக்கும்போது ஏரி மிகவும் நலிந்திருக்கிறது. இந்த இரண்டு மாதத்துக்கு வேண்டிய கருவாட்டை முன்கூட்டியே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

இரண்டாவது, முன்பணம். முன்பணம் கொடுத்தவர் "சரக்கு கொண்டு வா" என்று நெருக்கினால், மீனவர் தன் முறை இல்லாத நாளிலும் வலை கட்டத் துணிவார். அன்று ஒரு கூடை கூடுதலாக வரும். ஆனால் குப்பத்தில் சண்டை மூளும். சண்டை மூண்டால் பல நாள் சரக்கே வராது.

மூன்றாவது, பொடி இறாலும் சினை நண்டும். விலை மலிவு என்று இவற்றை வாங்குவது, விதைநெல்லை அரிசியாக்கி விற்பது போன்றது. வாங்க ஆள் இல்லை என்றால் பிடிக்கவும் ஆள் இருக்காது.

கடைத்தெருவில் ஒருவர் கடை முன் இன்னொருவர் கடை விரித்தால் நாம் சங்கத்தில் பேசித் தீர்க்கிறோம். பழவேற்காட்டுக் குப்பங்களும் அப்படித்தான் தண்ணீரைப் பேசித் தீர்த்துக்கொண்டன. அந்த முறையில் இன்னும் சேராதவர்களுக்கு இடம் கிடைக்க வேண்டும். அதே சமயம், நம் அவசரத்தால் இருக்கும் முறை உடைந்துவிடவும் கூடாது. முறை தப்பினால் மீனவர் வீட்டில் உலை கொதிக்காது. நம் கடையில் தராசும் ஆடாது.