உழவு தொடங்குமுன் டீசல் வடிகட்டியை மாற்றுக

பெரும்போக மழை தொடங்கியதும் நிலத்தைப் பண்படுத்தக் கமக்காரருக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. உலர் வலயத்துச் செங்கபில நிற மண் காய்ந்த நிலையிற் கல்லெனக் கடினமாகின்றது. மிகுதியாக நனைந்தபின்னர் சில்லிலும் கலப்பையிலும் ஒட்டிக்கொள்கின்றது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட உழத்தக்க ஈரம் நெடுநாள் நில்லாது. அந்நாட்களிற் காலையில் உழவு இயந்திரம் இயங்க மறுக்குமாயின் உழவு பிந்தும். அதனால் விதைப்பும் பிந்தும். மரக்கறிச் செய்கையாளருக்கோ மேடையில் நிற்கும் நாற்று முற்றிவிடும்.

இவ்வாறு இடர் தரும் பழைய இயந்திரத்தின் குறைபாடு சிலவேளைகளில் அடைபட்ட டீசல் வடிகட்டியிலேயே இருக்கும். கடைகளிற் பில்டர் என்று கேட்டு வாங்கப்படும் இச்சிறு பொருளை மாற்றிப் பாராது, பெரும்பணஞ் செலவிட்டு டீசல் பம்பியைக் கழற்றுவித்தல் வீண் செலவாகும்.

அறிகுறிகள்

ஸ்ராட்டர் இயந்திரத்தை நன்கு சுழற்றும்போது புகைக்குழாயை உற்று நோக்குக. புகை சிறிதும் வாராவிடின் உருளைகளுக்கு டீசல் சென்றடையவில்லை எனக் கொள்ளலாம். வெண்புகை மிகுதியாக வந்தும் இயந்திரம் பற்றாவிடின் டீசல் வருகின்றது, ஆனால் எரியவில்லை. அப்போது காரணத்தை வேறிடத்திலே தேடவேண்டும். சுழற்சியே மந்தமாயின் பற்றறியை முதலிற் கவனிக்க. வெறுமனே ஓடும்போது ஒழுங்காக இருந்து, கலப்பையை ஆழ இறக்கியதும் வலுவிழந்து தடுமாறும் இயந்திரத்தில் வடிகட்டி அடைபட்டிருத்தல் கூடும்.

வடிகட்டியின் பயன்

டீசல் பம்பியின் உட்பாகங்கள் மிக நெருக்கமாகப் பொருந்தியவை. அவற்றிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கேயாகும். கண்ணுக்குத் தெரியாத மணற்றுகளும் அவற்றைக் கீறிவிடும். அப்பாகங்களுக்கு வழுவழுப்பைத் தருவதும் டீசலே. ஆகையால் நீர் கலந்த டீசல் அவற்றைத் துருப்பிடிக்கச் செய்து தேய்க்கும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது பலர் டீசலைக் கலன்களிற் சேமித்து வைத்தனர். அவ்வாறு நெடுநாள் வைத்த கலன்களின் அடியில் நீரும் அழுக்கும் தங்குவது இயல்பு.

மாற்றும் முறை

மூன்று உருளைப் பேர்க்கின்ஸ் இயந்திரம் பூட்டிய மெசி பேர்குசன் 135 போன்ற உழவு இயந்திரங்களுக்கு இங்கு கூறும் முறை பொருந்தும். சிலவற்றில் வடிகட்டி ஒன்றும், சிலவற்றில் இரண்டும் உண்டு. இரண்டாயின் இரண்டையும் ஒருங்கே மாற்றுக.

இயந்திரத்தை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, சில்லுக்குக் கட்டை கொடுக்கவும். விளக்கும் சுருட்டும் அருகில் வேண்டா. வடிகட்டியின் வெளிப்புறத்தை முதலிலே துடைத்துச் சுத்தஞ் செய்க. தாங்கியின் அடைப்பை மூடி, கீழே வாளியொன்றை வைத்து, தலையின் மேலுள்ள நடு ஆணியைக் கழற்றினால் அடிக்கிண்ணமும் வடிகட்டியும் கையில் வரும். வடிந்த டீசலை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது.

கிண்ணத்தைச் சுத்தமான டீசலாற் கழுவுக. நூல் உதிரும் சீலையால் உட்புறத்தைத் துடைக்கவேண்டா. தலையின் பள்ளத்திற் பழைய இறப்பர் வளையம் ஒட்டியிருத்தல் உண்டு. அதனை எடுக்காது புதியதை வைத்தால் டீசல் கசியும்; காற்றும் உட்புகும். புதிய வடிகட்டியுடன் வரும் வளையங்கள் யாவற்றையும் உரிய இடத்தில் இட்டு, ஆணியை அளவாக இறுக்குக. மிகையாக இறுக்கினாற் கிண்ணம் வெடிக்கும். பழைய கடதாசி வடிகட்டியைக் கழுவி மீண்டும் இடுவோர், தடுத்து நின்ற அழுக்கைப் பம்பிக்கு அனுப்புகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

காற்றை நீக்குதல்

வடிகட்டியை மாற்றுவது பாதி வேலையே. உட்புகுந்த காற்றை நீக்காவிடின் இயந்திரம் இயங்காது. தாங்கியின் அடைப்பைத் திறந்து, வடிகட்டித் தலையின் மேலுள்ள இணைப்பைச் சிறிது தளர்த்தி, டீசல் ஏற்றும் சிறு பம்பியின் கைப்பிடியை அசைக்குக. கைப்பிடி வேலை செய்யாவிடின் இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு மீண்டும் முயல்க. குமிழியற்ற டீசல் வந்ததும் இணைப்பை இறுக்குக. அடுத்து டீசல் பம்பியிலுள்ள காற்று நீக்கும் திருகாணிகளிலும் இவ்வாறே செய்து, பக்கத்திலுள்ளதை முதலிலும் மேலுள்ளதைப் பின்னரும் இறுக்குக.

இறுதியாக, உருளைகளுக்குச் செல்லும் குழாய்களில் இரண்டின் சுரைகளை நொசிலருகே தளர்த்தி, வேகப்பிடியை முழுதும் திறந்து, ஸ்ராட்டரைச் சிறிது நேரம் மட்டும் இயக்குக. டீசல் வெளிப்பட்டதும் சுரைகளை இறுக்கி இயந்திரத்தை இயக்கலாம். அழுத்தத்தோடு பாயும் டீசல் தோலைத் துளைக்கவல்லது. ஆதலாற் கையை அகலவே வைக்குக. இவ்வளவும் செய்தும் இயங்காவிடின் தேர்ந்த மெக்கானிக்கை நாடுதல் நன்று.

இரு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில் தாங்கி மேலே இருப்பதால் டீசல் தானே இறங்கும். எனினும் அவற்றுக்கும் வடிகட்டியும் சுத்தமும் இன்றியமையாதன.

வரும்முன் காத்தல்

மாலையில் வேலை முடிந்ததும் தாங்கியை நிரப்பி வைத்தால், இரவிற் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படிவது குறையும். டீசலைக் கலனில் ஒரு நாள் அசையாது வைத்து, அடியிலுள்ளதை விடுத்து மேலுள்ளதை வடித்து ஊற்றுக. நீர் டீசலிலும் பாரமானது. ஆகவே காலையில் இயக்குமுன் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி அதனை வெளியேற்றலாம். வடிகட்டியை உற்பத்தியாளரின் கைநூல் கூறும் மணித்தியாலக் கணக்கின்படி மாற்றுக. கணக்கு வைத்திராதவர் ஒவ்வொரு பெரும்போகத்திற்கும் முன்னர், மழைக்குக் காத்திருக்கும் ஓய்வு நாட்களில், இதனைச் செய்து முடித்தல் சாலச் சிறந்தது.