பொய்ச்சீட்டு ஆந்தையும் தேக்குப் புழுவும்

மரக்காணம் பக்கம் விளக்குக் கம்பத்தடியில் பூச்சி பிடித்துத் தின்னும் புள்ளி ஆந்தையைப் பலரும் பார்த்திருப்பார்கள். தலை உச்சி நிறைய வெள்ளைப் பொட்டு. அந்தப் பொட்டு அநேகமாக இல்லாத நெருங்கிய உறவு ஒன்று மத்திய இந்தியாவின் தேக்குக் காடுகளில் உண்டு. அதன் பெயர் காட்டுச் சிற்றாந்தை. 1884-க்குப் பிறகு 113 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாததால், அழிந்தே போயிற்று என்று பலரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

அதே தேக்கை நம்பிப் பிழைப்பதுதான் ஹிப்ளியா பியூரா என்ற அந்துப்பூச்சி. உட்கார்ந்திருந்தால் காய்ந்த சருகு. சிறகை விரித்தால் கறுப்பில் ஆரஞ்சுத் திட்டு. கோடைமழையில் தேக்கு துளிர்த்ததும் ஒரு தாய்ப்பூச்சி சுமார் 500 முட்டை இடும். புழு இலையோரத்தை வெட்டி, மடித்து, நூலால் ஒட்டி, அந்த மடிப்புக்குள் பதுங்கிக்கொண்டே தின்னும். கடைசியில் மிஞ்சுவது நரம்பு மட்டும். சுமார் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். தேக்கு கிடைக்காவிட்டாலும் கவலையில்லை; மரக்காணம் கழிமுகத்தில் வளர்கிற வெண்கண்டல் இலையும் அதற்கு ஆகும். மும்பைக் கரையில் கண்டல்களை மொட்டையடித்திருக்கிறது.

ஆந்தையோ மரப்பொந்தில் இரண்டு மூன்று முட்டையோடு சரி.

பூச்சியை யாரும் மறக்கவில்லை, காரணம் காசு. நிலம்பூரின் இளம் தேக்குத் தோட்டங்களில் மர வளர்ச்சியில் 44 சதவீதம் இதனால் போகிறது என்று கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. ஆந்தைக்கு இருந்ததெல்லாம் அருங்காட்சியகங்களில் ஏழு பாடம்செய்த உடல்கள். அதிலும் ஒன்று களவு! 1914-ல் குஜராத்தின் மாண்டவியில் சுட்டதாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி சீட்டுக் கட்டியிருந்த பறவை, உண்மையில் ஜேம்ஸ் டேவிட்சன் 1880-களில் சேகரித்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து திருடி, பிரித்து, வேறு பஞ்சு திணித்துத் தைத்திருக்கிறார். பறவையியலாளர் பமீலா ராஸ்முஸன் எக்ஸ்ரே எடுத்து, தையலையும் பஞ்சையும் ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். அந்தச் சீட்டு வெறும் குறும்பல்ல. ஆந்தையைத் தேடியவர்களை இல்லாத ஊருக்கு அனுப்பிய வழிகாட்டிப் பலகை.

அதை ஒதுக்கிவிட்டு, மற்ற உடல்கள் கிடைத்த இடங்களுக்கே ராஸ்முஸனும் பென் கிங்கும் டேவிட் அபாட்டும் போனார்கள். 1997 நவம்பர் 25 காலை, மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகே, இலையில்லாத கிளையில் பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தது அந்தச் சிற்றாந்தை. பகலில் வேட்டையாடும் ஆந்தை என்பதால் ஒளிந்துகொள்ளவும் இல்லை. பிறகு மேல்காட் (Melghat) பகுதியிலும் தென்பட்டது. 2014-ல் மும்பையை அடுத்த தான்சா சரணாலயத்திலும்.