பாடு யாருக்கு? பாடுபடுவது யார்?

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. சண்டை வராமல் காக்கும் நல்ல முறை என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. ஆனால் அதில் பங்கு பிறப்பால் வருவது. பட்டினவர் சமூகத்தின் சில குப்பங்களுக்கு இருக்கும் அந்த உரிமை, அதே கரையில் வாழும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் இல்லை. அவர்களுக்கு மிஞ்சியது கரையோரச் சேறு. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். முன்பணம் கொடுத்த வியாபாரி சொல்வதுதான் விலை.

இறால் கிடைத்தால் உலை கொதிக்கும், இல்லாவிட்டால் கடன். இவர்களுக்குக் கூலி என்று அரசு நிர்ணயித்துத் தந்தது நூறு நாள் வேலையில்தான். அதை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம்.

2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தால் 33,600 ரூபாய். இதை வருடம் முழுக்கப் பரப்பினால் நாளுக்கு 92 ரூபாய். வீட்டில் நான்கு பேர் என்றால் தலைக்கு 23 ரூபாய்.

ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதனால்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு எத்தனை நாளைக்கு வரும்? மிளகாய், புளி, காய்கறி, சோப்பு, நோட்டுப் புத்தகம், பஸ் கட்டணம், மருந்து எல்லாம் கடை விலையில்தான். 2025 ஏப்ரலில் சென்னையில் சமையல் எரிவாயு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. இரண்டரை நாள் கூலி கொடுத்தாலும் அது கைக்கு வராது.

கூலி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் கொண்டுவந்தவர் அன்று தொழிலாளர் துறையை வகித்த அண்ணல் அம்பேத்கர். 1948இல் அது சட்டமானது. 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் எனக் கணக்கிட்டுக் கூலியை நிர்ணயிக்கச் சொன்னது. கல்வி, மருத்துவச் செலவையும் சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு, 2018 ஜூலை விலைவாசிப்படி நாளுக்கு 375 ரூபாய் வேண்டும் என்று 2019இல் பரிந்துரைத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து 2025-26இல் கிடைத்த 336 ரூபாய், அதைவிட 39 ரூபாய் குறைவு.

இன்னொன்றையும் நாம் பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி கேட்க ஒரு முதலாளி வேண்டும். சேற்றில் இறால் தேடுபவருக்கு முதலாளி யார்? அவருக்குக் கூலி கொடுப்பது ஏரிதான். அந்த ஏரியில் பங்கில்லை என்பது கூலியே இல்லை என்பதற்குச் சமம். ஆகவே பாட்டில் பங்கும், கைப்பிடி மீனவர்களுக்குக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் உரிமையும், இறாலுக்கு நியாய விலையும் கூலிக் கோரிக்கைகள்தான்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை: உங்கள் வீட்டின் ஒரு மாத வரவையும் செலவையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அதை வாங்க எத்தனை நாள் கூலி போனது என்று குறியுங்கள். அடுத்த கிராமசபையில் அந்த நோட்டை எடுத்து வாசியுங்கள்.