குரலைக் கண்ணால் பார்ப்பது

"காலையில நல்லாத்தான் இருக்கு சித்தப்பா. சாயங்காலத்துக்குள்ள கம்மிப் போயிடுது."

சிறுசேரி சிப்காட்டில் கால் சென்டர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் இதைச் சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொன்னோம். மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால், வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரத் துண்டு, சுக்குக் கஷாயம். ஆறு வாரம் அப்படியே ஓடிப்போனது. இவையெல்லாம் தொண்டைக்கு இதம் தருபவைதான். ஆனால் விழுங்கும் எதுவும் குரல் பிறக்கும் இடத்தைத் தொடுவதில்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. விழுங்கும்போது அந்த வாசல் இறுக மூடிக்கொள்கிறது. தப்பித் தவறி ஒரு சொட்டு அங்கே போனால் புரையேறும்.

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து "ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அதிர்வது குரல்வளை. அதற்குள் இருக்கும் இரண்டு மடிப்புகளைத்தான் குரல் நாண்கள் என்கிறோம். நாண் என்றதும் வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டிய ஒன்று நினைவுக்கு வரும். உண்மையில் அவை உதடு போன்ற சதை மடிப்புகள். ஆணுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர், பெண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றரை. நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது; அடுத்த கணமே அவை ஒட்டிக்கொள்கின்றன. பெண்கள் பேசும்போது இது நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை நடக்கிறது, ஆண்களுக்கு 100 முதல் 130 வரை. ஒரு ஷிப்டில் நாண்கள் மொத்தம் இரண்டு மணி நேரம் அதிர்ந்தால் கணக்கு என்ன? 14 லட்சத்து 40 ஆயிரம் மோதல்கள். கணக்குப் போட்ட அன்று நான் அவளிடம் போனில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

அந்த மோதலை நாண்கள் எப்படித் தாங்குகின்றன என்பதை 1974இல் விளக்கியவர் ஜப்பானின் மினோரு ஹிரானோ. வெளியே மெல்லிய தோல், அதன் அடியில் ஜெல்லி போல நெகிழும் ஓர் அடுக்கு, உள்ளே தசை. தசை அசையாமல் கிடந்தாலும் மேற்போர்வை அதன்மேல் அலை போல நெளிகிறது. அந்த அலை கெட்டால் குரல் கெடும்.

ஆனால் உயிருள்ள மனிதரின் குரல் நாண்களை முதலில் தெளிவாகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியர். 1854இல் பாரிஸில் பல் மருத்துவர்களின் சிறு கண்ணாடி ஒன்றை வாங்கி, சூடாக்கித் தன் தொண்டைக்குள் வைத்தார். இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பினார். தன் குரல் திறந்து மூடுவதைத் தானே கண்டார். மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டிக்கு அந்த ஆய்வு போயிற்று. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த அவரைத் தொண்டை மருத்துவர்கள் தங்கள் துறையின் முன்னோடியாகக் கொண்டாடினார்கள்.

கார்சியாவின் கண்ணாடியில் நாண்கள் தெரிந்தன, அதிர்வு தெரியவில்லை. நொடிக்கு 200 தடவை அசைவது கண்ணுக்கு வெறும் மங்கல். இதற்கு 1878இல் மியூனிக் மருத்துவர் மாக்ஸ் யோசப் ஓர்டல் கண்ட வழிதான் இன்றும் ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற பெயரில் காது மூக்குத் தொண்டை மருத்துவரின் அறையில் இருக்கிறது. கழுத்தில் ஒட்டிய மைக் உங்கள் குரலின் சுருதியைப் பிடிக்கிறது. நீங்கள் நொடிக்கு 200 என்று அதிர்ந்தால், விளக்கு 198 தடவை மட்டும் மின்னும். ஒவ்வொரு மின்னலும் அசைவின் சற்றே தள்ளிய கட்டத்தைப் பிடிக்க, திரையில் நாண்கள் நொடிக்கு இரண்டே தடவை, நிதானமாக, நீருக்குள் அசையும் பாசி போல நெளிகின்றன. சினிமாவில் ஓடும் காரின் சக்கரம் மெதுவாகச் சுற்றுவது போலத் தெரிகிறதே, அதே சங்கதிதான்.

கடைசியில் அப்படியோர் அறைக்கு என் அண்ணன் மகளை அழைத்துப் போனோம். அவள் "ஈ" என்று இழுத்தபோது நானும் திரையைப் பார்த்தேன். முத்து வெள்ளையில் இரண்டு மடிப்புகள். ஆனால் அவை முழுதாகச் சேரவில்லை. இரண்டின் நடுப்பகுதியிலும் எதிரெதிராக ஒரு சிறு மேடு. மேட்டுக்கு முன்னும் பின்னும் இடுக்கு விழுந்து காற்று கசிந்தது. சம்மட்டி பிடித்தவர் உள்ளங்கையில் காய்ப்பு விழுமே, அதுதான் இது. குரல் கம்மியதற்கும் பேசப் பேசக் களைத்ததற்கும் காரணம் கண்முன் நின்றது.

அறுவை வேண்டாம் என்றார் மருத்துவர். இத்தகைய காய்ப்புக்கு முதல் வைத்தியம் பயிற்சி. கத்தி வைத்தாலும் பேசும் முறை மாறாவிட்டால் திரும்ப வரும். ஸ்பீச் தெரபிஸ்ட் முதலில் கேட்டது அவள் உட்காரும் இடத்தைப் பற்றி. நூறு பேர் ஒரே கூடத்தில் பேசினால் ஒவ்வொருவரும் அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911இல் பிரான்சின் எத்தியேன் லொம்பார் பதிவு செய்த குணம் இது. காதை மூடிய ஹெட்செட் அதைக் கூட்டுகிறது. ஒரு காதைத் திறந்து வைக்கவும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவும், தொண்டையைச் செருமாமல் இருக்கவும் சொன்னார். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வல்ல என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எல்லாக் கரகரப்பும் காய்ப்பு அல்ல. நாண்களை அசைக்கும் நரம்புகளில் இடப்பக்கத்தது கழுத்திலிருந்து மார்புக்குள் இறங்கி, இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. அதனால் நெஞ்சுக்குள் வளரும் கட்டி குரலில் முதலில் தெரியலாம். செயலிழந்த நாண் ஓரமாக நின்றுவிட்டால் குரல் வெறும் காற்றாகும். அதற்கு ஜப்பானின் நொபுஹிகோ இஷிகி 1974இல் வகுத்த அறுவையில், குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, நாணை நடுவுக்குத் தள்ளுகிறார்கள். கழுத்தை மட்டும் மரக்கச் செய்வதால் நோயாளி விழித்திருக்கிறார். அவரைப் பேசச் சொல்லி, குரலைக் காதால் கேட்டே எவ்வளவு தள்ளுவது என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். இதைப் போல அழகான அறுவை எனக்கு வேறொன்று தெரியாது.

மகரக்கட்டு உடையும் வயதைத் தாண்டியும் கீச்சுக்குரலில் பேசும் இளைஞர்கள் உண்டு. பெரும்பாலோருக்கு நாண்களில் ஒரு குறையும் இருக்காது. பழைய பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். தெரபிஸ்ட் இருமச் சொல்கிறார். இருமல் கனமாக வருகிறது. அந்தக் கனத்தை அப்படியே "ஆ" என்று நீட்டச் சொல்கிறார். சில அமர்வுகளிலேயே ஆண்குரல் நிலைத்துவிடுவது உண்டு. இது தெரியாமல் வகுப்பில் கை தூக்காமல், போனை எடுக்காமல் வருடங்களைக் கழிக்கும் பையன்களை நினைத்தால் வயிறு எரிகிறது. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் கழுத்தில் குண்டு பாய்ந்து எம்.ஜி.ஆரின் குரல் மாறிப்போனது. மாறிய குரலிலேயே அவர் நடித்தார். 1977இல் முதலமைச்சரும் ஆனார். அவ்வளவு பெரிய மனதுள்ள மக்கள், பக்கத்து வீட்டுப் பையனின் குரலைக் கேட்டு ஏன் சிரிக்கிறோம்?

சளி, காய்ச்சல் இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். புகை பிடிப்பவர் ஒரு நாளும் தள்ளக் கூடாது. குரல் நாணில் தொடங்கும் புற்றுநோய் கரகரப்பாகவே முதலில் தலைகாட்டும். அப்போதே பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். நாங்கள் ஆறு வாரம் கடத்தியது தவறு. நம் பக்கம் வசதிக்குக் குறைவில்லை. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., போரூர் ஸ்ரீராமச்சந்திரா இரண்டிலும் பேச்சு, கேட்பியல் படிப்பே நடக்கிறது.

இப்போது கம்பெனி வேன் வரும் முன் அண்ணன் மகள் பயிற்சியாக அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று குமிழி விடுகிறாள். வாயிலிருந்து திரும்பும் அழுத்தம் நாண்களை மெத்தென்று மோத வைக்கிறது. பாட்டி பக்கத்தில் மிளகுப் பாலும் வைக்கிறாள். இரண்டையும் முடித்துவிட்டுத்தான் பேத்தி கிளம்புகிறாள்.